கொட்டாரத்தில் தங்கிப் படிக்க ஓர் ஆள் வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவிதாங்கூர் அரசர்களின் பழைய அரண்மனையான பத்மநாபபுரம் கொட்டாரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த யாரைக் கேட்டாலும் ஒரு செய்முறையைச் சொல்வார்கள். கரித்த தேங்காய்ச் சிரட்டை, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கருப்புக்கட்டி, ஏதோ ஒரு செடியின் சாறு. இவற்றைக் குழைத்துப் பூசித்தான் அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் கறுப்புத் தரையைப் போட்டார்களாம். சொல்பவரைப் பொறுத்து ஒரு சரக்கு கூடும், ஒன்று குறையும். ஆனால் அளவை யாரும் சொல்வதில்லை. சிரட்டைக் கரி எத்தனை பங்கு? வெண்கரு பூச்சுக்குள் கலந்ததா, மேலே தேய்த்ததா? மெருகு ஏற்றியது கல்லாலா, கையாலா? வழிகாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்னால் அடுத்த கூட்டம் காத்து நிற்கிறது. அவர் வேலை கதையை முடித்து ஆட்களை அடுத்த அறைக்கு நகர்த்துவது.

இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் அங்கே இல்லை. இதுதான் விஷயம். ஒரு நாள் வந்து படம் எடுத்துப் போகிறவரால் இது முடியாது. ஆய்வேட்டுக்காக இரண்டு மூன்று முறை எட்டிப் பார்க்கும் மாணவராலும் முடியாது. கண்ணில் படாத மூலையில் ஒரு சிட்டிகை சுரண்ட அனுமதி வேண்டும். அதைச் சோதிக்க ஆய்வகம் வேண்டும். கட்டிய காலத்துக் கணக்கோலையைப் படிக்கத் தெரிய வேண்டும். பழைய தரை போட்ட கொத்தனார் குடும்பங்களைத் தேடிப் போக வேண்டும். ஒரே ஆள், ஒரே இடத்தில், மாதக்கணக்கில். உலகத்தின் பல பழைய மாளிகைகளில் இதற்கென்றே ஆய்வு நல்கை (ஃபெலோஷிப்) இருக்கிறது. மாதம் ஒரு தொகை, தங்க இடம், பொருட்கள் இருக்கும் அறையின் சாவியை வைத்திருப்பவரோடு பழக்கம். ஃபெலோஷிப் என்பதன் சாரம் இந்த மூன்றும்தான். பணத்தைவிட மூன்றாவதற்கு மதிப்பு அதிகம் என்பேன்.

இதற்கு முன்மாதிரியாக அடிக்கடி சொல்லப்படுவது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் இருக்கும் வின்டர்தூர். வெடிமருந்து விற்றுப் பெருஞ்செல்வம் சேர்த்த டூபான்ட் குடும்பத்தின் பண்ணை மாளிகை அது. ஹென்றி பிரான்சிஸ் டூபான்ட் 1923-ல் வெர்மான்ட்டில் ஒரு வீட்டுக்குப் போனவர், அங்கே பைன் மரத்தில் செய்த சாதாரணத் தட்டு அலமாரியையும் அதில் அடுக்கியிருந்த இளஞ்சிவப்புப் பீங்கானையும் பார்த்து மயங்கிவிட்டார். அதுவரை ஐரோப்பியப் பழம்பொருட்களைப் பெரிதாக நினைத்தவர், அதன்பின் தன் நாட்டு நாற்காலி, மேசை, வெள்ளிக் கிண்ணம், திரைச்சீலை என்று வாங்கிக் குவித்தார். இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளின் அறைகளை மரப்பலகைச் சுவரோடு பெயர்த்துக்கொண்டு வந்து தன் மாளிகைக்குள் பொருத்தினார். 1951-ல் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டார். 175 அறைகள், ஏறக்குறைய 90,000 பொருட்கள்.

இதுவரை இது ஒரு பணக்காரரின் ஆசைக் கதைதான். அதைக் கல்வியாக மாற்றியது அடுத்த ஆண்டு நடந்த காரியம். 1952-ல் டெலவேர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, பொருட்களை நேரில் வைத்துப் படிக்கும் முதுகலைப் படிப்பைத் தொடங்கினார்கள். 1974-ல் பழம்பொருள் பாதுகாப்புக்குத் தனிப் படிப்பு வந்தது. கூடவே நூலகம், ஆவணச் சேகரிப்பு, ஆய்வகம், வெளியூர் ஆய்வாளர்கள் வளாகத்துக்குள்ளேயே தங்கும் வீடு. ஒரு மாதம் தங்குகிறவரும் உண்டு, ஆண்டுக் கணக்கில் தங்குகிறவரும் உண்டு. பேராசிரியர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல், தச்சர், நெசவாளர், ஓவியர் போலக் கையால் பொருள் செய்கிறவர்களுக்கும் தனியாக நல்கை வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் அது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

வின்டர்தூரில் பணியாற்றிய மக்ளங் ஃப்ளெமிங் 1974-ல் ஒரு முறையை வகுத்தார். எந்தப் பொருளையும் ஐந்து பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்: அதன் வரலாறு, அது எதனால் ஆனது, எப்படிச் செய்யப்பட்டது, அதன் வடிவமைப்பு, அதன் பயன். பிறகு நான்கு படிகள்: இன்னதென்று அடையாளம் காண்பது, மதிப்பிடுவது, அது பிறந்த சமூகத்தோடு வைத்து ஆராய்வது, இன்றைய நமக்கு அதனால் என்ன என்று கேட்பது. கேட்பதற்குப் பள்ளிக்கூடப் பாடம் போல இருக்கிறது. கொட்டாரத்தின் முகப்பு மண்டபமான பூமுகத்துக்குள் நுழைந்ததும் தலைக்கு மேலே தொங்கும் குதிரை விளக்கின்மீது இதை வைத்துப் பார்த்தால் இதன் பலம் தெரியும்.

விளக்கின்மேல் ஒரு குதிரை, அதன்மேல் ஒரு வீரன், மேலே உத்தரத்திலிருந்து இறங்கும் சங்கிலி. எந்தத் திசைக்குத் திருப்பி விட்டாலும் அந்தத் திசையைப் பார்த்தபடியே நிற்கும் என்பார்கள். கூட்டம் ‘ஆகா’ என்கிறது, நகர்கிறது. ஆய்வாளருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. திரும்பாமல் நிற்பதற்குக் காரணம் சங்கிலிக் கண்ணிகளின் அமைப்பா, அவற்றுக்குள் உரசலா, விளக்கின் எடைப் பகிர்வா? கண்ணிகளைத் தனித்தனியாக அடித்து வளைத்துக் கோத்தார்களா, மெழுகு அச்சில் ஒன்றாக வார்த்தார்களா? உருப்பெருக்கியை வைத்து ஒரு கண்ணியின் உள்வளைவைப் பார்த்தால், பற்றுவைத்த தழும்பு இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். வெண்கலம் என்று ஒருவர் எழுதுவார், பித்தளை என்று இன்னொருவர் எழுதுவார். கையடக்க எக்ஸ்-கதிர்க் கருவி ஒன்று, விளக்கைக் கீறாமலேயே அதில் வெள்ளீயம் எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று சொல்லிவிடும். எண்ணெய் எத்தனை நாழி பிடிக்கும், எத்தனை திரி, இரவில் அதன் வெளிச்சம் மேற்கூரையின் செதுக்கலில் எதுவரை எட்டும் என்பதெல்லாம் பயன் பற்றிய கேள்விகள். கூரையில் தொண்ணூறு வகைப் பூ செதுக்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். அத்தனை பூவையும் ஒருவர் படுத்துக்கிடந்து வரைந்தால்தான் ஒவ்வொன்றும் வேறு வேறா, ஒரே ஆசாரிக் குடும்பத்தின் கை வேலையா என்ற பேச்சையே எடுக்க முடியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழிருந்து எரியும் விளக்கின் ஒளியில் பார்ப்பதற்காகவே அந்தச் செதுக்கலின் ஆழம் வைக்கப்பட்டதா என்பது என்னை விடாமல் அரிக்கும் சந்தேகம். பகலில் பல்லைக் காட்டும் மின்விளக்கில் அதற்கு விடை கிடைக்காது.

டூபான்ட் செய்ததற்கும் இங்கே இருப்பதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பொருட்கள் முதலில் வந்தன, அவற்றுக்காக வீடு வளர்ந்தது. எந்த ஊர் அறையோ எந்த ஊர் அலமாரியோடு சேர்ந்து நிற்கிறது. பத்மநாபபுரத்தில் மரமும் கல்லும் சுதையும் தம் சொந்த இடத்திலேயே இருக்கின்றன. மந்திரசாலையின் வண்ண அப்பிரகத் (மைக்கா) தகட்டுச் சாளரம் எந்தக் காற்றுக்காக, எந்த வெயிலுக்காக வைக்கப்பட்டதோ, அதே காற்றையும் வெயிலையும் வேளிமலைப் பக்கமிருந்து இன்றும் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆய்வுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஊர் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையை ஒட்டிய பத்மநாபபுரம், வேணாட்டு அரசர்களுக்கும் பிறகு திருவிதாங்கூருக்கும் தலைநகராக இருந்தது. இன்று நாம் பார்க்கும் கொட்டாரத்தின் பெரும்பகுதிக்கு வடிவம் கொடுத்தவர் 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா. 1795-ல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. ஒரு வகையில் அதுவே கொட்டாரத்தைக் காப்பாற்றியது. ஆட்சி நடந்துகொண்டே இருந்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரசனைக்கு ஏற்ப இடித்துக் கட்டி, ஐரோப்பியக் கண்ணாடி மாட்டி முடித்திருப்பார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இதன் பெயர் ஏறியது, அதற்கப்பால் நகரவில்லை.

உள்ளே இருப்பவற்றில் எல்லாம் உள்ளூர்ச் சரக்கு அல்ல. சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் நாற்காலி, சாப்பாட்டுக் கூடமான ஊட்டுப்புரையின் பெரிய சீனச் சாடிகள், டச்சுக்காரர்கள் தந்ததாகவும் அறுபத்து நான்கு மூலிகை மரங்களால் ஆனதாகவும் சொல்லப்படும் கட்டில். இந்தச் ‘சொல்லப்படும்’ எத்தனை முறை வருகிறது பாருங்கள். மரத்தின் வகையை ஊசிமுனை அளவுத் துணுக்கிலிருந்தே நுண்ணோக்கியில் கண்டுபிடிக்கலாம். கட்டிலில் அறுபத்து நான்கு மரம் இல்லை, ஆறுதான் இருக்கிறது என்று தெரிந்தால் கொட்டாரத்தின் மதிப்பு குறைந்துவிடாது. எந்த ஆறு, எந்தக் காட்டிலிருந்து, ஏன் அவை என்ற நல்ல கேள்விகள் பிறக்கும். வளாகத்தின் தெற்குப் பகுதியான தெக்கே கொட்டாரத்தில் வைத்திருக்கும் பழைய வீட்டுச் சாமான்களைப் பெரும்பாலானோர் நிற்காமல் கடந்துவிடுகிறார்கள். எனக்கு வேலை கொடுத்தால் நான் அங்கேதான் தொடங்குவேன். அரசனின் கட்டிலைப் பற்றி யாராவது எழுதத்தான் செய்வார்கள். ஒரு மரப் பெட்டியின் மூலைப் பொருத்தைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்?

சுவரோவியங்கள் தனிக் கதை. நான்கு மாடி உப்பரிக்கை மாளிகையின் மேல்தளத்தில் அனந்தசயனம் முதலான பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. பொதுமக்களுக்கு அங்கே அனுமதி இல்லை; சரியான முடிவு, மரப்படியும் தாங்காது, ஓவியமும் தாங்காது. கேரள மரபுச் சுவரோவியத்தின் பூச்சு முறையும் நிறங்களும் ஓரளவு தெரிந்தவை: சுண்ணாம்பும் மணலும் கலந்த அடித்தளம், அதன்மேல் இளநீரில் கரைத்த சுண்ணாம்பைப் பலமுறை தீட்டிய வெண்பூச்சு, காவிக்கல்லிலிருந்து சிவப்பும் மஞ்சளும், விளக்குக் கரியிலிருந்து கறுப்பு, அவுரி நீலத்தோடு மஞ்சள் பிசின் கலந்த பச்சை, பசைக்கு வேப்பம்பிசின். ஆனால் இது பொது இலக்கணம். இந்தச் சுவரில் இந்த ஓவியர்கள் அதை எந்த அளவுக்குப் பின்பற்றினார்கள், பின்னால் வந்தவர்கள் எங்கெல்லாம் மேலே தீட்டினார்கள் என்பது சுவரைக் கேட்டால்தான் தெரியும். போதாததற்கு, அந்த மாடி வெறும் காட்சிக்கூடமும் அல்ல. நவராத்திரிக்கு முன்னால் தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது, அரசரின் உடைவாளை அங்கிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறார்கள். விளக்கேற்றும் வழக்கமும் உண்டு. எண்ணெய்ப் புகை ஓவியத்துக்கு எதிரி. விளக்கு நின்றால் அந்த அறைக்கு அர்த்தம் போய்விடும். இதற்குத் தீர்வு சொல்லும் பாடம் டெலவேரில் இல்லை. ஆய்வாளர் இங்கேயே யோசித்தாக வேண்டும்.

1948-லேயே கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ், எழுத்தாளர் ஜேம்ஸ் கசின்ஸ், தொல்லியல் துறையின் வாசுதேவ பொதுவாள் மூவரும் திருவிதாங்கூரின் கலைகளைப் பற்றிச் சேர்ந்து எழுதினார்கள். நல்ல அடித்தளம். எனக்கு உறுத்துவது என்னவென்றால், அதன் பிறகு வந்த எட்டே ஆண்டுகளில் ஊரின் முகவரியே மாறிவிட்டது. 1956 நவம்பர் 1-ம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழர் பகுதி என்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கொட்டாரம் மட்டும் கேரள அரசின் வசம் நின்றது. இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் அதை நடத்துகிறது. நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் திருவனந்தபுரத்தில். எல்லைச் சண்டையைக் கிளப்ப இதைச் சொல்லவில்லை. கேரளத் துறை கொட்டாரத்தை ஒழுங்காகவே வைத்திருக்கிறது. சுத்தத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஆய்வு என்று வரும்போது ஒரே மரபு இரண்டு அலுவலக அலமாரிகளில் பிரிந்து கிடக்கிறது. பூமுகத்து மரவேலையை அளக்க ஓர் அரசிடம் மனு. அதே மரபில் செய்த திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் மரச்சிற்பத்தை அளக்க இன்னொரு அரசின் அறநிலையத் துறையிடம் மனு. ஒன்றுக்கு அனுமதி வரும்போது மற்றதற்குக் காலம் முடிந்திருக்கும். மாணவர்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

இந்த இரட்டை நிலையால் தொல்லை மட்டும்தான் என்றும் இல்லை. கொட்டாரம் கட்டிய காலத்துக் கணக்குகளைத் தேட வேண்டிய இடம் திருவனந்தபுரத்தில் கேரள ஆவணக்காப்பகம் வைத்திருக்கும் மதிலகம் ஓலைகள், அதாவது பத்மநாபசுவாமி கோயில் சார்ந்த பழைய பதிவுகள். சுருணை சுருணையாக, அதாவது கட்டுக் கட்டாக ஓலை. தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. எழுத்தோ வட்டெழுத்து, மலையாண்மை என்று பலவகை. தமிழ் மட்டும் தெரிந்தவர் பாதி வழியில் நிற்பார், மலையாளம் மட்டும் தெரிந்தவரும் அதே இடத்தில் நிற்பார். உதயகிரிக் கோட்டையில் டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறையைப் பாருங்கள். 1741 குளச்சல் போரில் தோற்று, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையையே பழக்கியவர், 1777-ல் இறந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட நாட்டில் ஒரு மொழியோடு ஆய்வுக்கு வருவது ஒற்றைக் காலில் மலையேறுவதுதான்.

எல்லையோரத்துக் களியக்காவிளையிலோ பாறசாலையிலோ வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு மொழியும் வீட்டுத் திண்ணையிலேயே வந்துவிடுகிறது. அதற்குமேல் கற்க வேண்டியது பழைய எழுத்தும், பழைய கணக்கும். மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு 925 மகரம் 5 என்று ஓலை சொன்னால் அது 1750 சனவரி என்று பிடிபட வேண்டும். மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதி வைத்த திருப்படித் தானத்தின் தேதி அது. கூலிக் கணக்கைப் படிக்க வேண்டுமானால் பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பது விரல்நுனியில் இருக்க வேண்டும். சிரட்டைக்கும் சுண்ணாம்புக்கும் முட்டைக்கும் கொட்டாரம் காசு கொடுத்திருந்தால் அது ஏதோ ஒரு சுருணையில் செலவாக எழுதப்பட்டிருக்கும். கறுப்புத் தரையின் ரகசியத்துக்கு ஆய்வகம் ஒரு வழி என்றால் இது இன்னொரு வழி. 1956-க்கு முன் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் மலையாளம் படித்த தலைமுறைக்கு இப்போது எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. பழைய வீட்டுப் பாகப்பத்திரத்தைக் கையில் கொடுத்தால் சரளமாகப் படிக்கும் பெரியவர்கள் அவர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உட்காரவும் நல்கைக் காலத்தில் சில மாதங்களை ஒதுக்க வேண்டும்.

பணம் எங்கே? நாட்டில் ஆய்வு நல்கைகளுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு நல்கை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அது மாணவரைத் துறையோடு கட்டுகிறது, பொருளோடு கட்டுவதில்லை. மத்திய கலாசார அமைச்சகத்தின் இளநிலை நல்கை மாதம் 10,000, முதுநிலை 20,000, இரண்டு ஆண்டு. 10,000 ரூபாயில் தக்கலையில் வாடகையும் சாப்பாடும் ஆகும், ஆய்வு ஆகாது. நான் சொல்லும் மாதிரிக்கு நெருங்கி வருவது தாகூர் தேசிய நல்கை. மாதம் 80,000, இளையவர்களுக்கு 50,000. ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்துகொண்டு வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அதன் கீழ் வருபவை பெரும்பாலும் மத்திய அரசின் அருங்காட்சியகங்கள், நூலகங்கள், ஆவணக்காப்பகங்கள். எல்லையோரத்து மாநிலத் துறைக் கொட்டாரம் ஒன்று அந்தக் கணக்கில் எளிதில் நுழைவதில்லை. பிரிட்டனுக்குப் போய் நம் பொருட்களைப் பார்த்துவர சார்லஸ் வாலஸ் அறக்கட்டளை உதவுகிறது, நல்ல காரியம். நாகர்கோவில்காரர் லண்டனில் இருக்கும் திருவிதாங்கூர் தந்தவேலையைப் பார்க்க வழி இருக்கிறது. பஸ்ஸில் பதினைந்து கிலோமீட்டர் போய்ப் பத்மநாபபுரத்தில் ஆறு மாதம் உட்கார வழி இல்லை.

கைவினைஞருக்கான நல்கை பற்றிச் சொல்ல வந்தேன். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்கிறார்கள். புவிசார் குறியீடும் வாங்கிய தொழில். கேரளத்துப் பாலராமபுரம் நெசவுக்கு வேர் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்துச் சாலியர்களிடம் இருக்கிறது. கேரளத்து ஆறன்முளையில் உலோகத்தால் முகக்கண்ணாடி வார்க்கும் குடும்பங்கள்கூடத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பதே அவர்கள் மரபு சொல்லும் கதை. மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கை போய்வந்துகொண்டே இருந்திருக்கிறது. கொட்டாரத்தின் பலாமரத் தூணையும் கூரைக் கழுக்கோல் பொருத்தையும் படிக்கப் பட்டதாரியை மட்டும் அனுப்பினால் அவர் பார்ப்பது பாதிதான். உளி எந்தப் பக்கமிருந்து போயிருக்கிறது, மரம் பச்சையாக இருந்தபோது செதுக்கினார்களா காய்ந்த பிறகா என்பதை ஓர் ஆசாரி தொட்டுப் பார்த்துச் சொல்வார். அவருக்கு ஆறு மாத வருமானத்தை ஈடு செய்து, பக்கத்தில் ஓலை படிக்கத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்தால் இரட்டை நல்கை. பட்டம் இல்லாதவருக்கு எப்படி அரசுப் பணம் கொடுப்பது என்று கணக்குத் தணிக்கையாளர் கேட்பார். கேட்கட்டும். அதற்கு ஒரு விதி எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

எதிர்வாதமும் இருக்கிறது. ஆய்வாளர் என்று வருகிறவர்கள் தொட்டுத் தொட்டுப் பொருளைக் கெடுப்பார்கள், படத்தை எடுத்துப் போய்த் தம் பெயரில் போட்டுக்கொள்வார்கள், பழுதுபார்க்கவே பணம் போதாதபோது படிப்புக்கு எதற்கு என்பார்கள். முதல் இரண்டும் நியாயமான பயம். எழுத்தில் ஒப்பந்தமும் காவலர் முன்னிலையில் வேலையும் என்று வைத்தால் அடங்கும். மூன்றாவதை நான் ஏற்கமாட்டேன். கறுப்புத் தரை ஓர் இடத்தில் பெயர்ந்தால் எதை வைத்து ஒட்டுவது? செய்முறை தெரியாதபோது சிமென்டும் கறுப்புச் சாயமும்தான் கைக்கு வரும். படிப்பு இல்லாத பழுதுபார்ப்பு மெல்ல மெல்லக் கொட்டாரத்தையே மாற்றிவிடும்.

முதல் ஆண்டுக்குப் பெரிய தலைப்பு எதுவும் வேண்டாம். தெக்கே கொட்டாரத்துச் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு படம், அளவு, மரமோ உலோகமோ இன்னதென்ற சோதனை முடிவு, உள்ளூரில் அதற்கு வழங்கும் பெயர், சுருணைகளில் அது வந்திருந்தால் அந்த வரி, எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் என்று ஒரு கோப்பு திறந்தால் போதும். கேரளத் துறை இடத்தையும் அனுமதியையும் கொடுக்கலாம்; தமிழ்நாட்டின் பங்காக நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் கல்லூரி ஆய்வகமும் நல்கைத் தொகையில் பாதியும் வரலாம். தங்குவதற்குக் கொட்டாரத்துக்குள் அறை கேட்க வேண்டியதே இல்லை. கோட்டைச் சுவருக்குள்ளேயே ஜனங்கள் குடியிருக்கும் தெருக்கள் இருக்கின்றன, அங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம்.